காலையில் நீரை எதிர்த்து, மாலையில் நீரோடு
(வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் நெல்லைப் பக்கத்து ஊர்ப்புற நடை பற்றி வந்த குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

"போன வழியே திரும்பாமல், வயல், தோப்பு, காடு எல்லாம் பார்த்து வேறு வழியாக ஊர் வந்து சேர வேண்டும். காலையில் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இப்படி ஒரு சுற்றை எப்படி வகுப்பது?" (வாசகர், வீரவநல்லூர்)

உங்கள் ஊருக்குக் கன்னடியன் கால் (ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்) இருக்கிறது. பாதி வேலை அதிலேயே முடிந்தது.

தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்கள் மேட்டை ஒட்டியே ஓடும். காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடப்பதெல்லாம் நஞ்சை. காலுக்கு மேலே தண்ணீர் ஏறாது என்பதால் அந்தப் பக்கம் புஞ்சை, பனை, உடைமரம், பொத்தை என்கிற சிறு கல்மலை. ஆகவே கால்கரையில் நடந்தால் ஒரு கைப்பக்கம் வயலும் மறு கைப்பக்கம் காடும் கூடவே வரும். நம் பக்கத்தில் "காட்டுக்குப் போறேன்" என்றால் மானாவாரிப் புஞ்சைக்குப் போகிறேன் என்றுதானே அர்த்தம்? இந்தச் சுற்றில் கிடைக்கும் காடு அந்தக் காடுதான். வனத்துறைக் காட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

சுற்றுக்கு நான்கு பக்கம். கால்கரையில் இரண்டரை கிலோமீட்டர். அங்கே ஒரு மடை பார்த்து, அதிலிருந்து இறங்கும் வண்டிப்பாதையில் ஆறு வரை ஒரு கிலோமீட்டர். ஆற்றங்கரையில் இரண்டரை. பிறகு ஊருக்கு ஏறும் பாதையில் ஒன்று. ஆக ஏழு கிலோமீட்டர். கால்கரையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் சாதாரணமாக நடக்கலாம். இறக்கத்தில் இடையிடையே வரப்பு வந்தால் இரண்டரைக்கு மேல் முடியாது. ஆற்றங்கரையில் வேரும் பள்ளமும் இருப்பதால் மூன்று. ஊருக்கு ஏறும் பாதையிலும் மூன்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் சுமார் இரண்டு மணி பத்து நிமிடம் வரும். இருபது நிமிடம் உட்கார ஒதுக்குங்கள்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நம் மலை மேற்கே, நீர் ஓடுவது கிழக்கே. காலையில் நீரை எதிர்த்து மேற்கே நடந்தால் வெயில் முதுகில் விழும், எதிரே மலை பளிச்சென்று தெரியும். திரும்பும்போது கிழக்கு முகமாக வர வேண்டியிருக்கும். அதற்குள் எட்டு மணி வெயில் கண்ணில் குத்தும். அதனால்தான் திரும்பும் பக்கத்தை ஆற்றங்கரைக்கு வைக்கச் சொல்கிறோம். மருதமர நிழல் அங்கேதான் உண்டு. மாலையில் என்றால் இதையே மாற்றுங்கள். ஆற்றங்கரை நிழலில் மேற்கே போய், பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் கால்கரை வழியாக நீரோடு கிழக்கே வாருங்கள். தலைகீழாகச் சுற்றிவிட்டு "அந்தப் பாதை நல்லாயில்லை" என்று சொல்பவர்கள் அதிகம். பாதையில் குறையில்லை.

வகுத்த சுற்றைக் குடும்பத்தோடு நடக்கும் முன் ஆற்றங்கரைப் பக்கத்தை மட்டும் தனியாக ஒருமுறை நடந்து பாருங்கள். சுற்று அறுந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு தோப்புக்காரர் கம்பிவேலியை ஆறு வரை இழுத்திருப்பார், அல்லது வயலின் வடிகால் ஆற்றில் விழும் இடத்தில் கரை வெட்டுப்பட்டிருக்கும். வடிகாலில் பனந்தடி போட்டிருந்தால் கடக்கலாம். தடி உளுத்திருக்கிறதா என்று முதலில் ஒரு காலை வைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். தடி மேலே காய்ந்து தெரியும், அடியில் ஈரம் பட்டு இற்றுப்போயிருக்கும்.

"எங்கள் பக்கம் ஆறும் கிடையாது, காலும் கிடையாது. மானாவாரிக் குளம்தான். எங்களுக்கு வழி?" (வாசகர், நாங்குநேரி வட்டாரம்)

குளத்துக்காரர்களுக்கு இன்னும் சுலபம். குளத்தின் கரை எப்போதும் பள்ளமான பக்கத்தில் இருக்கும். கரையின் ஒரு கோடியில் மறுகால். நிறைந்த தண்ணீர் மறுகால் பாய்ந்து ஓடை வழியாக அடுத்த ஊர்க் குளத்துக்குப் போகும். இந்த அமைப்பே ஒரு சுற்றுதான். ஊரிலிருந்து வண்டிப்பாதையில் கரைக்கு ஏறுங்கள். கரையின் முழு நீளமும் நடந்து மறுகாலுக்கு வாருங்கள். மறுகால் ஓடையை ஒட்டிய பாதையில் பனங்காட்டுக்குள் இறங்குங்கள். பிறகு மடையிலிருந்து வரும் வாய்க்காலைப் பிடித்து வயல் நடுவே ஊர் திரும்புங்கள்.

கரையில் நடக்கும்போது மடையருகே நின்று பாருங்கள். பழைய குளமென்றால் கரையிலிருந்து சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். இரண்டுக்கும் குறுக்கே பலகைக்கல். அந்தக் கல்லின் நடுத்துளை வழியாக இறங்கும் தடிதான் அடியில் உள்ள தூம்பின் வாயை அடைக்கும். தடியைத் தூக்கினால் கரைக்கு அடியிலுள்ள கல் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வயலுக்கு வரும். தண்ணீர் வற்றிய வைகாசியில் போனால் தூண் முழுக்கத் தெரியும். எந்த உயரம் வரை தண்ணீர் நின்றது என்பதற்குத் தூணில் பாசிக்கோடு இருக்கும். பிள்ளைகளை அழைத்துப் போனால் இதைக் காட்டுங்கள். மடைத் தடியை யாரும் தொடக் கூடாது. ஒரு மடையை நேரம் தவறித் திறந்தால் கடைமடைக்காரரின் முறை போய்விடும்.

மறுகால் பாய்கிற நாளில் அதைக் கடக்க வேண்டாம். முழங்கால் அளவுதானே என்று தோன்றும். பாசி பிடித்த கல்லில் கால் நிற்காது, கீழே விழும் தண்ணீர் தோண்டிய பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பேய்மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. அதில் பல குளங்களின் கரை உடைந்து, பிறகு மண் கொட்டி அடைக்கப்பட்டது. அப்படி அடைத்த இடம் அடுத்த மழையில் முதலில் இளகும். கரையில் மண் நிறம் மாறியிருக்கும் இடத்தில் ஓரமாக நடக்காமல் நடுவே நடங்கள்.

"இந்தப் பாதையில் நடக்கலாம், இதில் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" (வாசகர், முக்கூடல்)

வண்டிப்பாதை, ஓடை, வாய்க்கால், குளம், களம் எல்லாம் வருவாய்க் கணக்கில் புறம்போக்கு. புல எண் தெரிந்தால் அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் "அ" பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்கலாம். பட்டா எண்ணுக்குப் பதில் புறம்போக்கு என்றும் அதன் வகையும் இருந்தால் ஊருக்குப் பொது. ஊர் முழுவதுக்குமான கிராம வரைபடம் தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில் கேட்டால் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றைப் பென்சிலால் வரையுங்கள்.

வரைபடத்தில் வண்டிப்பாதை இருக்கும், தரையில் வாழை நிற்கும். இது நிறைய ஊரில் நடக்கிறது. அங்கே சட்டம் பேச வேண்டாம். நடக்கப் போன இடத்தில் எல்லைத் தகராறு எதற்கு? சுற்றி வருகிற வழி தேடுங்கள், அல்லது தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முன்னாடியே கேட்டால் பெரும்பாலும் "தாராளமா போங்க" என்பார்கள்.

"நாங்கள் எட்டுப் பேர் ஒரு வரப்பில் வரிசையாகப் போனோம். வயல்காரர் திட்டிவிட்டார். பயிரை மிதிக்கவே இல்லை. ஏன் கோபம்?" (வாசகர், சேரன்மகாதேவி)

அவர் கோபம் நியாயம். நடவுக்கு முன் வரப்பின் இரு பக்கத்தையும் செதுக்கி, புல்லை வெட்டி, சேற்றை அள்ளிப் பூசி அணைப்பார்கள். அந்தச் சேறு இறுகச் சில நாள் ஆகும். ஈரத்தில் ஒருவர் மிதித்தால் ஒரு பள்ளம். எட்டுப் பேர் அடுத்தடுத்து மிதித்தால் விளிம்பு சரிந்து, நண்டு வளையோடு சேர்ந்து தண்ணீர் கசிந்துவிடும். மேல்வயலில் நிறுத்திய தண்ணீர் ராத்திரிக்குள் கீழ்வயலுக்குப் போயிருக்கும். காலையில் வந்து பார்க்கிறவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம்.

வரப்பின் பக்கவாட்டைப் பாருங்கள். வழவழவென்று பூசிய மண்வெட்டித் தடம் தெரிந்தால் அது புது வரப்பு, ஏற வேண்டாம். புல் முளைத்து, நடுவில் ஒற்றையடித் தடம் விழுந்திருந்தால் போகலாம், அதுவும் பத்தடி இடைவெளி விட்டு ஒவ்வொருவராக. எட்டுப் பேர் என்றால் கால்கரையும் வண்டிப்பாதையும்தான் உங்களுக்கு ஏற்றவை. மருந்து அடித்த வாடை வந்தால் அந்த வயலோரம் அன்று வேண்டாம்.

படல் சாத்தியிருந்தால் திறந்து, உள்ளே போய், மறுபடி சாத்த வேண்டும். திறந்து கிடந்தால் திறந்தபடியே விட வேண்டும். ஆடு உள்ளே வர வேண்டியிருக்கும்.

"எந்த மாதம் நல்லது?" (பல வாசகர்கள்)

மார்கழிக் கடைசி முதல் மாசி வரை. குளம் நிறைந்திருக்கும், பிசான நெல் பொதி கட்டி நிற்கும், எட்டு மணி வரை பனி இருக்கும். பங்குனியில் பிசானம் அறுப்பு முடிந்தால் அறுத்த தாள் நிற்கும் வயலில் எந்தப் பக்கமும் குறுக்கே போகலாம். ஆனால் எட்டரைக்குள் வீடு சேர வேண்டும். அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். கிடை நாய் ஆட்டைக் காக்கிற நாய், ஊர் நாய் போலக் குரைத்துவிட்டு நிற்காது. ஐம்பதடி தள்ளியே நின்று கிடைக்காரருக்குக் குரல் கொடுங்கள். ஓட வேண்டாம், கல் எடுக்கவும் வேண்டாம்.

ஆனி, ஆடியில் மேற்கே அம்பை, கடையம் பக்கம் சாரலும் காற்றும் சுகமாக இருக்கும். அணையில் தண்ணீர் இருந்து கார் பருவ நெல்லுக்குத் திறந்துவிட்டால் கால் நிறைய ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் உண்டு. மத்தியானத்துக்கு மேல் பனங்காட்டிலும் குளத்துக்கரையிலும் இருக்காதீர்கள். கரிசல் பக்கத்து வாசகர்கள் மழை பெய்த மறுநாளை விட்டுவிடுங்கள். செருப்பு ஒட்டி, ஒட்டின மண்மேல் மண் ஒட்டி, கால் எடுக்க முடியாது.

"முள்ளுக்கு என்ன செருப்பு?" (வாசகர், திசையன்விளை)

ரப்பர்ச் செருப்பு வேண்டாம். உடைமுள் வெள்ளையாக, நீளமாக, ஊசி போல நேராக இருக்கும். வேலிக்கருவை முள் அதைவிடக் கெட்டி. இரண்டும் ரப்பரைத் துளைத்து ஏறும். அடிப்பாகம் தடித்த, குதிகால் மூடிய ஷூ போடுங்கள். தேரி மணலில் மட்டும் வலை வைத்த ஷூ வேண்டாம், மணல் உள்ளே இறங்கிக் கால் கொப்பளிக்கும்.

முள் ஏறினால் ஒடியாமல், ஏறின திசையிலேயே நேராக இழுங்கள். கருவைமுள் முனை உள்ளே ஒடிந்து தங்கினால் வீங்கி, மூட்டுப் பக்கமென்றால் வாரக்கணக்கில் வலிக்கும். ஊசியால் குடையாமல் டாக்டரிடம் காட்டுங்கள். எடுத்த இடத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். டெட்டனஸ் தடுப்புக்கான டிடி ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பனங்காட்டில் இன்னொன்றைக் கவனியுங்கள். வடலி (இளம்பனை) மட்டையின் இரு விளிம்பிலும் கருக்கு இருக்கும், ரம்பப் பல் மாதிரி. ஒற்றையடிப் பாதையில் வடலி சாய்ந்து நின்றால் கெண்டைக்காலைக் கீறிவிடும். வேட்டி, கால்சட்டையைவிட முழுக்கால் பேண்ட் நல்லது.

"பாம்பு பயம். வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள்." (வாசகி, பாளையங்கோட்டை)

பயப்படுவதில் தப்பில்லை. வயலில் எலி உண்டு, எலி இருக்கிற இடத்தில் பாம்பும் உண்டு. நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் வயலோரம், வைக்கோல், புல் மண்டிய வரப்பு. சுருட்டை விரியன் பொத்தை, கல்குவியல், காய்ந்த ஓடை. கட்டுவிரியன் ராத்திரி. நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, இருட்டுமுன் திரும்பினால் பாதி ஆபத்து குறையும். கையில் கம்பு வைத்துத் தரையைத் தட்டி நடங்கள். தரை அதிர்வைப் பாம்பு உணர்ந்து விலகும். கண்ணாடி விரியன் மட்டும் விலகாமல் சுருண்டு கிடந்து குக்கர் போலச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் நின்று, வந்த அடியில் பின்வாங்குங்கள். தெரியாத புதரில் கையை விடாதீர்கள், கல்லில் உட்காரும் முன் அடியில் பாருங்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. நடக்கவும் வைக்கக் கூடாது. கடிபட்ட காலைக் குச்சி வைத்து அசையாமல் துணியால் தளர்வாகக் கட்டி, மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போய் நேரத்தைத் தொலைக்க வேண்டாம், இரண்டாவது ஆளும் கடி வாங்குவது அப்படித்தான். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் உண்டு. நாட்டு மருந்துக்காரரிடம் போகிற அந்த ஒரு மணி நேரம்தான் ஆளைக் கொல்கிறது.

"சுற்றை மலையடிவாரக் காட்டுக்குள் கொஞ்சம் நீட்டலாமா? ஒரு அரைக் கிலோமீட்டர்தான்." (வாசகர், களக்காடு)

கூடாது. முண்டந்துறை, களக்காடு சரணாலயங்கள் இரண்டும் 1988-இல் சேர்ந்து புலிகள் காப்பகமான இடம். அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம், அரைக் கிலோமீட்டரானாலும். உள்ளே நடக்க ஆசையென்றால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் உண்டு. வழிகாட்டியோடு முறையாகப் போங்கள்.

அடிவாரத்திலும் எச்சரிக்கை வேண்டும். கரடியும் சிறுத்தையும் பன்றியும் விளைப் பக்கம் வருகிற ஊர்கள் இவை. கருக்கலில் மாந்தோப்பு, பலாத்தோப்பு ஓரம் போகாதீர்கள். குட்டியோடு நிற்கிற கரடி மனிதரைக் கண்டு ஓடாது.

இன்னொன்று உயிர் விஷயம். பன்றிக்காகச் சிலர் இரவில் கம்பியில் நேரடியாக மின்சாரம் விடுகிறார்கள். சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது, ஆள் சாகிறது. முறையான சூரிய மின்வேலி விட்டுவிட்டு உதறும். நேரடி மின்சாரம் பிடித்தால் விடாது. எது எதென்று பார்த்துத் தெரியாது. அடிவாரத்தில் எந்தக் கம்பியையும் தொடாதீர்கள், தாழ்வாக ஒற்றைக் கம்பி ஓடினால் தாண்டவும் செய்யாதீர்கள்.

"அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அவரையும் அழைத்துப் போகும்படி சுற்று அமையுமா?" (வாசகி, அம்பாசமுத்திரம்)

எட்டு எண் போல இரண்டு சிறு சுற்றாகப் போடுங்கள், நடுச் சந்தி தார்ரோட்டில் இருக்கட்டும். முதல் சுற்று மூன்று கிலோமீட்டருக்குள், முழுக்கச் சமமான கால்கரையில். சந்திக்கு வந்ததும் வலி இருந்தால் அப்பா பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வீடு போகலாம், மற்றவர்கள் அடுத்த சுற்றை முடிக்கலாம். முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கெடுதல். கரையிலிருந்து இறங்கும் சரிவைத் தவிர்த்து, படிக்கட்டோ வண்டிப்பாதையோ உள்ள இடத்தில் இறக்குங்கள்.

"குடிக்க எவ்வளவு தண்ணீர்? வழியில் காலில் குளிக்கலாமா?" (வாசகர், கல்லிடைக்குறிச்சி)

மார்கழியில் ஆளுக்கு ஒரு லிட்டர், சித்திரையில் இரண்டு. உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் இருந்தால் இன்னும் நல்லது. கால் தண்ணீரைக் குடிக்காதீர்கள், வயலின் மருந்தும் உரமும் கலந்தது. மாசி முதல் பனை ஏறும் பருவத்தில் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் பனங்காட்டில் இருந்தால் இறக்கின பதநீர் சூடு ஏறுமுன் கிடைக்கும். ஓலைப்பட்டையில் வாங்கிக் குடியுங்கள், காசு கொடுங்கள். மரத்தடியில் ஆளில்லாமல் இருக்கும் கலயத்தைத் தொடாதீர்கள்.

குளிப்பதென்றால் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும். ஷட்டருக்கும் மடைவாய்க்கும் பக்கத்தில் இறங்கவே கூடாது. மேலே தண்ணீர் அசையாமல் நிற்கும், அடியில் இழுப்பு இருக்கும். நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது.

"பறவை பார்க்கிற மாதிரி ஒரு சுற்று சொல்லுங்கள்." (வாசகர், திருநெல்வேலி நகரம்)

இரண்டு இடம். ஒன்று, 1994-இல் சரணாலயமான கூந்தன்குளம். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டுப் பக்கத்து மரங்களிலும் கூடு கட்டும். பறவைக்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே நடப்பவர்களும் அந்த மரியாதையைக் காக்க வேண்டும்.

இன்னொன்று திருப்புடைமருதூர். கடனா ஆறு தாமிரபரணியோடு சேருமிடம், நாறும்பூநாதர் கோவில், ஆற்றங்கரையில் வயதான மருதமரங்கள், அவற்றில் பழந்தின்னி வௌவால். ஊர் மக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 2005-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது இதுதான். கோவிலில் தொடங்கி, ஆற்றங்கரை, வயல், மறுபடி கோவில் என்று சின்னச் சுற்றாகப் போதும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று மீட்டர் கணக்குச் சொல்வதைவிட ஒரு அடையாளம் சொல்கிறோம். உட்கார்ந்திருந்த பறவை தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். கூட்டைவிட்டு எழுந்தால் நீங்கள் பக்கத்தில் போய்விட்டீர்கள். தாய் எழுந்த கூட்டில் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காகம் கொத்தும்.

"போன் மேப்பை நம்பலாமா?" (வாசகர், வள்ளியூர்)

குளம், கால், ரோடு காட்டும். வரப்பும் படலும் காட்டாது. படம் எடுத்த மாதத்தைப் பாருங்கள். கோடையில் எடுத்த படத்தில் குளத்துக்குள் பாதை தெரியும், தையில் அங்கே ஆள் உயரத் தண்ணீர். அடிவாரத்தில் சிக்னல் இருக்காது என்பதால் வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். திருப்பங்களைத் தாளில் எழுதும்போது "இரட்டைப் பனை, இடது" என்று எழுத வேண்டாம், பனையை வெட்டிவிடுவார்கள். சுடலைமாடன் கோவில், பம்புசெட் அறை, பாலத்தின் எண், டிரான்ஸ்பார்மர் என்று எழுதுங்கள். கல்லிலும் மரத்திலும் பெயிண்ட் அடித்து அம்புக்குறி போடாதீர்கள். அடுத்த வருஷம் அந்த வழி வாழைத்தோட்டமாகியிருக்கும், அம்பைப் பார்த்து வருகிறவர் நேரே அதற்குள் போய் நிற்பார்.